பளிங்கு முகப்பும் குப்பைமேட்டு வீடும்

தாராவி மறுசீரமைப்புக்கான பெருந்திட்டத்திற்கு மகாராஷ்டிர அரசு 2025 மே மாதம் ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்பிருந்தே ஒரு பிரச்சாரம் ஓயாமல் நடந்து வருகிறது. உயர்ந்த கோபுரங்கள், அகன்ற சாலைகள், மரநிழல் பூங்காக்கள் என்று கணினியில் வரையப்பட்ட வண்ணப்படங்கள் மக்கள்முன் விரிக்கப்படுகின்றன. மும்பையின் ஹஃபீஸ் கான்ட்ராக்டர், அமெரிக்காவின் சசாகி, பிரிட்டனின் பியூரோ ஹாப்போல்டு என்ற பெயர்கள் சான்றிதழ்களைப்போல் நீட்டப்படுகின்றன. இத்தனை அழகான திட்டத்தை எதிர்ப்பவர்கள், உழைக்கும் மக்கள் என்றென்றும் சாக்கடை ஓரத்தில் கிடக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களாம்! வடிவமைப்பு என்பது கலை சார்ந்தது, அதில் அரசியலைக் கலக்காதீர்கள் என்ற அறிவுரையும் இலவசமாகக் கிடைக்கிறது.

இந்த வாதம் புதியதல்ல. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இத்தாலியில் இதே வாதம் ஆட்சியின் கொள்கையாகவே இருந்தது. அந்த இருபது ஆண்டுகளில் இத்தாலி உருவாக்கிய ஓவியமும் கட்டடக்கலையும் பொருள் வடிவமைப்பும் இன்றும் உலகக் கல்லூரிகளில் பாடமாக இருக்கின்றன. அவற்றின் அழகை மறுக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த அழகு எழுந்த மண்ணில் அதற்கு முன் வாழ்ந்தவர்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள்? ரோமில் கேட்கப்பட்ட இந்தக் கேள்விதான் இன்று தாராவியிலும் கேட்கப்பட வேண்டும்.

அழகு யாருக்குச் சேவகம் செய்தது?

இத்தாலியில் நவீன கலையின் முழக்கம் 1909 பிப்ரவரியில் எழுந்தது. கவிஞர் மாரினெட்டி எதிர்காலவாதம் என்ற கலை இயக்கத்தின் அறிக்கையை வெளியிட்டார். வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய அந்த அறிக்கை, போரையும் கொண்டாடியது, பெண்களை இழிவுபடுத்தியது. முசோலினி 1919 மார்ச் 23 அன்று மிலான் நகரில் தனது பாசிச அமைப்பைத் தொடங்கியபோது மாரினெட்டி அவருடன் இருந்தார். நான்கு வாரம்கூடக் கழியவில்லை. ஏப்ரல் 15 அன்று மிலானில் சோசலிஸ்ட் கட்சியின் நாளேடான அவந்தி பத்திரிகையின் அலுவலகம் தாக்கிச் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது. அந்தக் கும்பலின் முன்னணியில் மாரினெட்டியும் இருந்தார். பாசிசக் கும்பல்களின் முதல் பெரிய தாக்குதல் ஒரு தொழிலாளர் பத்திரிகையின் மீது நடந்தது என்பதும், அதில் ஒரு கவிஞர் பங்கேற்றார் என்பதும் தற்செயல் அல்ல. பழமையை எரிப்பதாகச் சொன்னவர்கள் முதலில் எரித்தது தொழிலாளரின் அச்சகத்தை. அதே மாரினெட்டி 1929-ல் அரசவைக் கழகத்தின் உறுப்பினராகிப் பழமையின் ஆசனத்திலேயே அமர்ந்துகொண்டார்.

அடுத்த தலைமுறைக் கட்டடக் கலைஞர்கள் இன்னும் திறமையானவர்கள். 1926-ல் ஏழு இளைஞர்கள் கூடிப் பகுத்தறிவுக் கட்டடக்கலை என்ற இயக்கத்தைத் தொடங்கினர். அவர்களுள் ஜுசெப்பே தெர்ராஞி முதன்மையானவர். கோமோ நகரில் அவர் வடிவமைத்த பாசிசக் கட்சி மாளிகை 1936-ல் திறக்கப்பட்டது. அலங்காரமற்ற வெண்பளிங்கு, கண்ணாடி, துல்லியமான சதுரங்கள், சதுக்கத்தை நோக்கி ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும் கண்ணாடிக் கதவுகள். பாசிசம் எவரும் உள்ளே பார்க்கக்கூடிய கண்ணாடி வீடு என்ற முசோலினியின் பேச்சுக்கு அது கல்லில் எழுதிய உரை.

அந்தக் கண்ணாடி வழியே எதைப் பார்க்க முடியவில்லை? தோழர் அந்தோனியோ கிராம்சி 1926 நவம்பர் 8 அன்று நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நிலையிலேயே கைது செய்யப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உடல் சிதைந்த நிலையில் 1937 ஏப்ரல் 27 அன்று மறைந்தார். கோமோ மாளிகை கட்டி முடிக்கப்பட்ட ஆண்டுகளும் கிராம்சி செத்துக்கொண்டிருந்த ஆண்டுகளும் ஒன்றே. எத்தியோப்பிய மக்கள்மீது இத்தாலிய விமானங்கள் நச்சுவாயு பொழிந்ததும் அதே ஆண்டுகளில்தான். ஆளும் வர்க்கம் வன்முறையால் மட்டும் ஆள்வதில்லை, மக்களின் ஒப்புதலையும் உற்பத்தி செய்துகொள்கிறது என்று கிராம்சி சிறையில் எழுதினார். அந்த ஒப்புதல் உற்பத்தியாகும் பட்டறைகளுள் ஒன்றாகச் சிறைக்கு வெளியே வடிவமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது.

1932 அக்டோபர் 28 அன்று ரோமில் பாசிசப் புரட்சிக் கண்காட்சி திறக்கப்பட்டது. பழைய அரண்மனையின் முகப்பை மறைத்து 25 மீட்டர் உயரத்தில் நான்கு உலோகக் கோடரிக் கட்டுகள் நிறுத்தப்பட்டன. தெர்ராஞி உள்ளிட்ட முன்னணிக் கலைஞர்கள் ஒவ்வோர் அறையையும் வடிவமைத்தனர். ரயில் கட்டணச் சலுகை கொடுத்து மக்கள் அழைத்துவரப்பட்டனர். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 38 லட்சம் பேர் பார்த்தனர். காட்சியின் அழகில் மயங்கியவர்கள், கலைக்கப்பட்ட தொழிற்சங்கங்களைப் பற்றிக் கேட்கவில்லை.

இடிப்புக்கு 'மருத்துவம்' என்று பெயர்

அதே 1932 அக்டோபர் 28 அன்று ரோமில் இன்னொன்றும் திறந்துவைக்கப்பட்டது. வெனிஸ் சதுக்கத்திலிருந்து கொலோசியம் வரை பேரரசு வீதி என்ற நேர்கோட்டுப் பெருஞ்சாலை. ராணுவ அணிவகுப்புக்கும் புகைப்படத்திற்கும் ஏற்ற சாலை. அதற்காக, நூற்றாண்டுகளாக ஏழைகளும் கைவினைஞர்களும் வாழ்ந்த நெருக்கமான குடியிருப்புகள் தரைமட்டமாக்கப்பட்டன. 1934-ல் முசோலினி தானே கூரைமேல் ஏறிக் குந்தாலியால் முதல் அடியை அடித்துப் படம் எடுத்துக்கொண்டார். நகரின் நோயைக் குணப்படுத்தும் குந்தாலி என்று பத்திரிகைகள் போற்றின. வீடு இடிப்பது மருத்துவம். அங்கே வாழ்ந்தவர்கள் நோய்!

வெளியேற்றப்பட்டவர்கள் நகரின் விளிம்புக்கு, போர்காதே எனப்பட்ட குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். சான் பசிலியோ, கோர்தியானி, பியத்ரலாத்தா, பிரிமவாலே, தோர் மராஞ்சா என்று அவை வரிசையாக முளைத்தன. மெல்லிய சுவர், பொதுக் கழிப்பறை, வேலைக்குச் செல்லப் போதிய பேருந்து இல்லை. மழைக்காலத்தில் நீரில் மிதந்த தோர் மராஞ்சாவை மக்கள் ஷாங்காய் என்றே அழைத்தனர். சிதறடிக்கப்பட்டவை வீடுகள் மட்டுமல்ல. தெருவோடு சேர்ந்திருந்த தொழில், கடன் கொடுக்கும் கடைக்காரர், ஆபத்தில் கதவைத் திறக்கும் அண்டைவீட்டார், சோசலிஸ்டுகளின் பழைய தொடர்புகள் என அனைத்தும் சிதறின. ஆட்சிக்கு அதுவும் தேவையாக இருந்தது.

1939-ல் இன்னொரு சட்டம் வந்தது. கிராமத்திலிருந்து பெருநகரத்துக்கு வருபவர் அங்கே குடியுரிமைப் பதிவு பெற வேலை இருக்க வேண்டும். வேலை பெறவோ குடியுரிமைப் பதிவு இருக்க வேண்டும். இந்தச் சுழலில் சிக்கிய லட்சக்கணக்கான உழைப்பாளிகள் சொந்த நாட்டிலேயே சட்டவிரோதிகள் ஆயினர். பாசிசம் வீழ்ந்த பின்னும் 1961 வரை அந்தச் சட்டம் நீடித்தது. நகரைக் கட்டும் கைகள் வேண்டும், அந்தக் கைகளுக்கு உரியவர்கள் வேண்டாம். இந்தத் தத்துவத்தை நினைவில் நிறுத்துவது நல்லது. தாராவியில் அது வேறு பெயரில் திரும்ப வரும்.

மயங்கியவரும் மறுத்தவரும்

அந்த முகப்பை இந்தியர்களும் நேரில் கண்டார்கள். 1926-ல் முசோலினியின் விருந்தினராகச் சென்ற ரவீந்திரநாத் தாகூர், தொடக்கத்தில் பாராட்டிப் பேசினார். சுவிட்சர்லாந்தில் ரொமெய்ன் ரோலந்தையும், பாசிசத்தால் துரத்தப்பட்டவர்களையும் சந்தித்த பிறகு உண்மையை உணர்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் மான்செஸ்டர் கார்டியன் இதழில் வெளியான கடிதத்தில் பாசிசத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். 1931 மார்ச்சில் சென்ற இந்து மகாசபைத் தலைவர் பி.எஸ்.மூஞ்சேவோ, சிறுவர்களுக்கு ராணுவப் பயிற்சி தரும் அமைப்புகளைச் சுற்றிப்பார்த்து, முசோலினியைச் சந்தித்து, வியப்போடு திரும்பினார். நாசிக்கின் போன்சலா ராணுவப் பள்ளி அந்த வியப்பின் விளைவுகளுள் ஒன்று. 1936-ல் ரோம் வழியாகத் திரும்பிய ஜவஹர்லால் நேரு, முசோலினியைச் சந்திக்கும்படி வற்புறுத்தப்பட்டும் மறுத்துவிட்டார். மூவரும் கண்டது ஒரே ஆட்சியைத்தான். முகப்பைத் தாண்டிப் பார்த்தவர்கள் விலகினர். முகப்பையே விரும்பியவர் அதை மகாராஷ்டிரத்திற்குக் கொண்டுவந்தார்.

மாட்டுங்காவும் தாராவியும்

மும்பைக்கும் அதே காலத்தின் அழகு உண்டு. மெரைன் டிரைவ் ஓரத்து ஆர்ட் டெகோ கட்டடங்களைத் தெற்கு மும்பையின் விக்டோரியா காலக் கட்டடங்களுடன் சேர்த்து யுனெஸ்கோ 2018-ல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மாட்டுங்காவின் வளைந்த பால்கனிகளும், கிங்ஸ் சர்க்கிள் அருகே தமிழ்ப்படங்களால் தமிழர் நினைவில் நிற்கும் அரோரா திரையரங்கும் அதே பாணியின் பிள்ளைகள். இவை பாசிசக் கட்டடங்கள் அல்ல. ஆனால் இவற்றின் பிறப்புக்கும் ஒரு வரலாறு உண்டு.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. காலனி அரசு 1898-ல் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை அமைத்தது. நோயைக் காரணம் காட்டித் தொழிலாளர் குடியிருப்புகளை இடித்தது. இடித்த அளவுக்கு ஏழைகளுக்கு வீடு கட்டவில்லை. வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதியில் ஒழுங்கான தெருக்களும் பூங்காக்களும் கொண்ட மனைகளை வகுத்தது. அங்கே அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை பார்த்த தென்னிந்திய நடுத்தர வர்க்கம் குடியேறியது. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் பிறந்தது.

ரயில் பாதைக்கு அப்பால், மாகிம் சிற்றோடையின் சதுப்பில், வேறொரு தமிழகம் உருவாகிக்கொண்டிருந்தது. நகரின் நாற்றம் என்று தள்ளப்பட்ட தோல் பதனிடும் தொழில் தாராவிக்கு வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக்கொடுமைக்கும் தப்பி வந்த ஒடுக்கப்பட்ட மக்கள் அந்தத் தொழிலில் சேர்ந்தனர். சேற்றை அவர்களே குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கினர். ஒரே ரயிலில் வந்த தமிழர்களில் ஒரு பகுதியினருக்குப் பூங்கா வீதி, மற்றொரு பகுதியினருக்குச் சதுப்பு நிலம். வாயிலில் நின்றவை வாடகையும் சாதியும். மாட்டுங்காவின் அழகைப் பாதுகாக்க இன்று எழும் குரல்கள் நியாயமானவையே. ஆனால் தாராவி மக்கள் தம் உழைப்பால் உருவாக்கிய நிலத்துக்கு மரபுரிமை என்ற சொல் ஏன் பொருந்துவதில்லை என்பதற்கும் அந்தக் குரல்கள் பதில் சொல்ல வேண்டும்.

'தகுதியற்றோர்' என்ற கண்டுபிடிப்பு

இனி இன்றைய கணக்கு. 2022 நவம்பரில் ரூ.5,069 கோடி ஒப்பந்தப்புள்ளியுடன் அதானி குழுமம் தாராவியைப் பெற்றது. அதற்குமுன் ரூ.7,200 கோடிக்கு வந்த வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தப்புள்ளி ரத்தாகியிருந்தது. 2023 ஜூலையில் மாநில அரசு ஆணை வழங்கியது. இப்போது திட்டத்தை நடத்தும் நவபாரத் மெகா டெவலப்பர்ஸ் நிறுவனத்தில் அதானிக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. மும்பையின் மற்ற கட்டுமான நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய மாற்றத்தக்க கட்டுமான உரிமையில் முதல் 40 விழுக்காட்டைத் தாராவித் திட்டத்திடமிருந்தே வாங்க வேண்டும் என்றும் விதி செய்யப்பட்டது. ஏறத்தாழ 600 ஏக்கர், பாந்த்ரா குர்லா வணிக வளாகத்தின் வாசலில். வண்ணப்படத்துக்குப் பின்னால் இருக்கும் ஓவியம் இதுதான்.

ஒருவரும் விடுபட மாட்டார், எல்லோருக்கும் வீடு என்கிறது அரசு. எங்கே வீடு என்று கேட்டால் பதில் மூன்றாகப் பிரிகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததற்கு ஆவணம் காட்டுவோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி. அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு, ரூ.2.5 லட்சம் கட்டினால் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்கும் பின் வந்தவர்களுக்கும் மேல்மாடியில் வாழ்வோருக்கும் வெளியே வாடகை வீடு. தாராவியில் மேல்மாடி என்பது ஆடம்பரம் அல்ல. ஏணி வைத்து ஏறும் பத்தடி அறை. அங்கே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் ஒரே வரியில் 'தகுதியற்றோர்' ஆகின்றனர். வேலை செய்யலாம், வாழ முடியாது என்ற 1939-ன் சட்டம் ஆவணச் சரிபார்ப்பு என்ற புதிய உடையில் வந்திருக்கிறது.

தகுதி பெற்றவரின் நிலை என்ன? தாராவியில் வீடும் பட்டறையும் ஒன்று. கும்பார்வாடாவின் சூளை, தோல் தைக்கும் மேசை, பழைய பிளாஸ்டிக்கைத் தரம்பிரிக்கும் கொட்டகை, விடியலுக்கு முன் இட்லி அவிக்கும் அடுப்பு, பெண்கள் அப்பளம் உலர்த்தும் வாசல் ஆகியவை 350 சதுர அடிக்குள் எந்த மாடியில் ஏறும்? நகரின் மறுசுழற்சியைச் சுமக்கும் தொழிலாளியின் தொழிலைப் பிரித்துவிட்டு வீட்டை மட்டும் கொடுப்பது, மீனைக் கரையில் போட்டு நல்ல நிழல் தருவதைப் போன்றது.

செம்பூர் சொல்லும் சாட்சி

வெளியே அனுப்பப்படுவோர் எங்கே போவார்கள் என்பதற்குச் செம்பூரைச் சுற்றியுள்ள பகுதியே சாட்சி. அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதம், டிராம்பேயின் ஜனதா காலனி அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக அப்புறப்படுத்தப்பட்டது. பெரும்பகுதி தமிழர்களான அந்த மக்கள் அருகிலிருந்த சதுப்பு நிலமான சீட்டா கேம்பில் கொட்டப்பட்டனர். தமிழரான ஜோக்கின் அற்புதம் தலைமையில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியிருந்தனர். தேசத்தின் பெருமை என்ற சொல் அன்று குந்தாலியாகப் பயன்பட்டது.

அடுத்தது மாகுல். நகரின் பல பகுதிகளிலிருந்து இடித்துத் துரத்தப்பட்டவர்களுக்கு, செம்பூருக்கு அப்பால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் மதில் ஓரத்தில் அடுக்குமாடிகள் ஒதுக்கப்பட்டன. மூச்சுத்திணறலும் தோல் நோயும் மக்களை வாட்டின. 2019-ல் மும்பை உயர்நீதிமன்றம், இனி எவரையும் மாகுலில் வலிந்து குடியமர்த்தக் கூடாது என்றும், மாற்று இடம் கிடைக்கும் வரை மாதம் ரூ.15,000 வாடகை தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. காகிதத்தில் அவையும் அழகான அடுக்குமாடிகளாகவே இருந்தன.

இப்போது தேவ்னார். 1927 முதல் மும்பையின் குப்பையைச் சுமக்கும் மேடு. அதில் 124 ஏக்கரைத் தாராவியின் 'தகுதியற்றோருக்கு' வீடு கட்ட மாநில அரசு ஒதுக்கியுள்ளது. மூடப்பட்ட குப்பைக்கிடங்கின் மீது குடியிருப்பு கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நெறிமுறை. குப்பையை அகற்றிவிட்டுத்தான் கட்டுவோம் என்று அதற்குப் பதில் சொல்லப்படுகிறது. அகற்ற மும்பை மாநகராட்சி ரூ.2,368 கோடிக்கு ஒப்பந்தம் கோரியது. நிலம் தனியார் திட்டத்துக்கு, சுத்தம் செய்யும் செலவு மக்கள் வரிப்பணத்துக்கு! காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலம் 255.9 ஏக்கரும் இதே நோக்கத்துக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மழைநீரை உள்வாங்கி நகரைக் காக்கும் நிலம் அது. ரோமின் ஷாங்காய் இனி மும்பையில்தான் கட்டப்படும்.

ஒப்புமையின் எல்லை

இன்றைய மும்பையை அன்றைய ரோமுடன் அப்படியே சமன்செய்வது அரசியல் சோம்பல். அன்று அரசு இடித்தது, அரசே கட்டியது, மூலதனம் அதன் நிழலில் லாபம் கண்டது. இன்று பெருமூலதனம் முன்னே நடக்கிறது; அரசு சட்டத்தை வளைத்து, நிலத்தை ஒதுக்கி, காவல் துறையை நிறுத்திப் பின்னே வருகிறது. தேர்தலும் நீதிமன்றமும் சங்கங்களும் இன்னும் இருக்கின்றன. ஆகவேதான் போராட்டத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தாமல் வெறும் பெயர்சூட்டலோடு நிற்பது தவறு.

இன்னொரு தவறும் உண்டு. நவீன கட்டடத்தையே எதிரியாகக் காண்பதும், குடிசையைப் பண்பாடு என்று புகழ்வதும் இடதுசாரிகளின் நிலைபாடு அல்ல. தாராவிப் பெண்ணுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும், குழாயில் நீர் வேண்டும், மழையில் ஒழுகாத கூரை வேண்டும். அது அவர் உரிமை. கண்ணாடியும் கான்கிரீட்டும் பாசிசம் அல்ல. இதற்கும் இத்தாலியே சான்று. கட்டடக் கலைஞர் ஜுசெப்பே பகானோ தொடக்க காலம் முதலே பாசிசக் கட்சியில் இருந்தவர். காசபெல்லா இதழின் ஆசிரியர். அவரே 1936-ல் மிலானில், இத்தாலிய உழவர்களின் எளிய வீடுகளைப் படமெடுத்துக் கண்காட்சி வைத்தார். பயன்பாட்டிலிருந்து பிறக்கும் அழகைப் பேரரசின் தூண்களில் அல்ல, உழைப்பவர் வீட்டில் தேடினார். பின்னர் கட்சியை விட்டு வெளியேறி, எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து, பிடிபட்டு, 1945 ஏப்ரலில் மவுத்தவுசன் நாஜி முகாமில் மடிந்தார். வடிவமைப்புக்கு அரசியல் கிடையாது என்போருக்கு அவரது மரணமே மறுப்பு.

1976-ல் ரோம் மக்கள் ஒரு கலை வரலாற்று அறிஞரைத் தங்கள் மேயராக்கினர். கம்யூனிஸ்ட் கட்சிப் பட்டியலில் சுயேச்சையாக வென்ற ஜூலியோ கார்லோ அர்கான், நவீன கட்டடக்கலையின் முன்னோடி குரோப்பியஸ் பற்றி நூல் எழுதியவர். அவருக்குப் பின் மேயரான கம்யூனிஸ்ட் பெட்ரோசெல்லியின் காலத்திலும் தொடர்ந்த பணி, புறநகர்க் குடியேற்றங்களுக்குக் குடிநீரும் சாக்கடையும் தெருவிளக்கும் கொண்டுசெல்வது. முசோலினி துரத்திய மக்களை நகரத்துக்குள் திரும்பச் சேர்ப்பதை ஒரு கலை அறிஞர் தம் கடமையாகக் கொண்டார்.

அதற்கு நேர்மாறான காட்சியும் ரோமில் உண்டு. முசோலினி 1942 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய சதுரக் கொலோசியத்தின் உச்சியில், எத்தியோப்பியப் படையெடுப்பை அறிவித்த அவரது 1935 உரையின் சொற்கள் இன்றும் பொறிக்கப்பட்டுள்ளன. 2015 முதல் அந்தக் கட்டடம் ஃபெண்டி என்ற ஆடம்பரத் தோல்பொருள் நிறுவனத்தின் தலைமையகம். அழகிலிருந்து வரலாற்றைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது விற்பனைப் பொருள். தோலைப் பதப்படுத்திய தாராவியின் கைகளுக்கு இந்தப் பாடம் புரியாததல்ல.

கோரிக்கை

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. தகுதியுள்ளோர், தகுதியற்றோர் என்ற பிரிவினை ஒழிய வேண்டும். தாராவியில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தாராவியிலேயே 500 சதுர அடி வீடு வேண்டும். தொழில்களுக்கு அங்கேயே இடம் வேண்டும். கணக்கெடுப்பு விவரமும் திட்டத்தின் நிதிக்கணக்கும் மக்கள் மொழிகளில், தமிழிலும், வெளியிடப்பட வேண்டும். குப்பைமேட்டிலும் உப்பளத்திலும் மனிதரைக் குடியேற்றும் முடிவு ரத்தாக வேண்டும். நிலம் பொதுச்சொத்தாக நிலைக்க வேண்டும். வரைபடம் போடும் மேசையில் அங்கே வாழும் மக்களின் பிரதிநிதிகள் அமர வேண்டும்.

இவற்றை வலியுறுத்திப் பல கட்சிகளும் அமைப்புகளும் தாராவி மீட்பு இயக்கமாகத் திரண்டுள்ளன. அந்தப் போராட்டத்தில் மாட்டுங்காவின் ஆசிரியரும் செம்பூரின் வங்கி ஊழியரும் தாராவியின் தோல் தொழிலாளியோடு ஒரே வரிசையில் நிற்பதற்கு, தோழர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை எளியது. அடுத்தமுறை அந்த வண்ணப்படம் காட்டப்படும்போது, கோபுரம் எத்தனை மாடி என்று கேட்க வேண்டாம். அந்தப் படத்தில் இல்லாத மனிதர்கள் எங்கே என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு சந்திலும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்க வேண்டும், பதில் வரும் வரை.